புகார் வராத வாரங்கள்

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கவுன்சில், விமான நிலையம், ரயில் கம்பெனி என்று மக்கள் தொடர்பு வேலையில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். என் காலத்தில் நான் ஒருவன்தான். அதனால் என் அனுபவம் பெரியது என்று நினைத்துவிடாதீர்கள். கேட்பதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சத்தத்தை எப்படி அளப்பது, வரைபடத்தில் எப்படி நிறம் பூசுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த வகுப்பை நான் எடுக்கப் போவதில்லை. 2009ஆம் ஆண்டு வசந்த காலத்தில் சில வாரங்கள் எங்கள் புகார்த் தொலைபேசி அடிக்காமல் கிடந்தது. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் மலேசியாவில், கிள்ளான் பக்கம் பிறந்தவன். பொறியியல் படிக்க லண்டன் வந்து, படித்து முடித்து, திரும்பிப் போக வேண்டிய நேரத்தில் போகாமல் வெம்பிளியிலேயே தங்கிவிட்டேன். கடைசியில் வாய்த்த வேலை, நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்த ஒரு சிறிய விமான நிலையத்தின் ஆலோசனைக் குழுவுக்குச் செயலாளர். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். குழுவில் கவுன்சிலர்கள், குடியிருப்பாளர் சங்கத்தார், விமானக் கம்பெனிக்காரர்கள், நிலைய அதிகாரிகள் எல்லாரும் இருப்பார்கள். குழுவுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, ஆலோசனை சொல்லத்தான் முடியும். ஆனால் புதிய பாதையோ புதிய கட்டடமோ வேண்டுமென்றால், குழு என்ன சொன்னது என்பதை நிலையம் மேலிடத்துக்குக் காட்டியாக வேண்டும். எனவே அந்த ஆலோசனைக்கு ஒரு கனம் இருந்தது.

செயலாளருக்கு இரண்டு வேலை. புகார்த் தொலைபேசியை எடுப்பது ஒன்று, கூட்டத்தில் குறிப்பு எழுதுவது இன்னொன்று. கூட்டத்தில் செயலாளருக்கு வாய் கிடையாது. விதி என்ன சொல்கிறது என்று கேட்டால் சொல்லலாம், மற்றபடி பேனா மட்டும்தான். பிஸ்கட் தட்டை நகர்த்தி வைப்பதும் என் பொறுப்பாக இருந்தது. நல்ல பிஸ்கட் வைத்த கூட்டங்கள் நீளும் என்று கண்டுபிடித்த பிறகு, மட்டமானதாகப் பார்த்து வாங்க ஆரம்பித்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் நிலையம் ஒரு புதிய புறப்பாட்டுப் பாதையைச் சோதனைக்கு விட்டிருந்தது. விமானங்கள் மேலே எழும்பியதும் பழைய பாதையில் போகாமல், பார்க்கிங் என்கிற கிழக்கு லண்டன் ஊரின் அடுக்குமாடிகளுக்கு மேலாகத் திரும்பிப் போகும். மே மாதக் கூட்டத்தில் குழு சரியென்றால் அது நிரந்தரம். நிலையத்துக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. ஓடுபாதையை ஒட்டி இன்னும் விமானங்கள் நிற்க இடம் கட்டப்போகிறார்கள், அத்தனை விமானங்களையும் பழைய பாதை தாங்காது.

சோதனை தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே திங்கட்கிழமை காலையில் ஒரு தொலைபேசி வரும். அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த யோகன். யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினாலே பொலிஸ் வரும், இங்கே தலைக்கு மேலே பிளேன் ஓட்டுகிறீர்களே என்றுதான் ஆரம்பிப்பார். தமிழில் பேச ஒரு ஆள் கிடைத்ததில் அவருக்குக் கொண்டாட்டம். வாங்கிக் கட்டிக்கொள்வது என் தலைவிதி.

ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்வார். “நான் எனக்காகக் கதைக்கேல்லை அண்ணை. முழு பிளாட்டுக்குமாத்தான் கதைக்கிறன்.”

இதில்தான் சிக்கல். எங்கள் கணக்கில் ஒரு தொலைபேசி எண் என்றால் ஒரு புகார்காரர். அவர் எத்தனை வீட்டுக்காகப் பேசினாலும் எங்கள் பதிவில் அவர் ஒரே மனிதர்தான். மற்றவர்களையும் எடுக்கச் சொல்லுங்கள் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. எல்லாரும் தன்னிடம் சொல்கிறார்கள், தான் என்னிடம் சொல்கிறார், இடையில் ஒரு ஆள் போதாதா என்பது அவர் வாதம். அங்கே வழக்கமே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு பிரச்சினை, லிப்ட் வேலை செய்யவில்லை, குப்பை எடுக்க வரவில்லை, எது என்றாலும் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரைப் பிடித்து விட்டுவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். விசா இன்னும் சரிவராத குடும்பங்களுக்குத் தங்கள் பெயர் எங்கேயும் பதிவாகக் கூடாது என்ற பயமும் இருந்தது. கூட்டங்களில் நிலைய அதிகாரி அவரைக் ‘கடையிலுள்ள நம் நண்பர்’ என்று குறிப்பிடுவார். மேசையைச் சுற்றிச் சிரிப்பார்கள். அவர் சொன்னதை எழுதிக்கொள்வேன். சிரிப்பைக் குறிப்பில் சேர்க்கும் வழக்கம் இல்லாததால் அதை விட்டுவிடுவேன்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை தொலைபேசி வரவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. அடுத்த திங்களும் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மே கூட்டத்துக்கான அறிக்கையை நிலைய அதிகாரி அனுப்பியபோது அதில் அந்தப் பகுதியிலிருந்து வந்த அழைப்புகளின் வரைபடம் ஒன்று இருந்தது. குளிர்காலம் முழுவதும் மேலே நின்ற கோடு ஏப்ரலில் சரிந்து தரையைத் தொட்டது. கீழே ஒரு வரி: அப்பகுதி மக்கள் புதிய பாதைக்குப் பழகிவிட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை. கெட்ட மனிதரும் இல்லை, சத்தத்தைக் குறைக்க உண்மையாகவே பாடுபட்டவர். எண்கள் அவருக்கு அப்படித்தான் சொல்லின.

எனக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. சத்தத்துக்குப் பழகுகிற மனிதன் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவான். வாராவாரம் என்று இருந்தவன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவான், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு மறந்துபோவான். யோகன் ஒரே நாளில் நின்றுவிட்டார். தினம் பசியாற வருகிற வாடிக்கையாளர் திடீரென்று நின்றுவிட்டால், சாப்பாட்டுக்கடைக்காரர் அவருக்குப் பசி தீர்ந்துவிட்டது என்றா நினைப்பார்? கடைக்கு இரண்டு தரம் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. ஒரு மதியம் ரயிலேறிப் போனேன்.

கடையின் கதவு பாதி இறக்கியிருந்தது. உள்ளே கல்லாவில் இருந்தது யோகன் இல்லை, ஒரு பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். பெயர் சாந்தினி என்றார், மேலே நான்காம் மாடியில் குடியிருப்பவர். யோகன் தினமும் பாராளுமன்றத்துக்கு முன்னால் நடக்கிற போராட்டத்துக்குப் போய்விடுகிறார், அதுவரைக்கும் கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மூலையில் ஒரு தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையில் ஒரு செல்போன். பேசும்போதும் அதைக் கீழே வைக்கவில்லை.

நான் யார் என்று சொன்னேன். திங்கட்கிழமைகளில் யோகன் ஏன் கூப்பிடுவதில்லை என்று கேட்டேன். அவர் பதிலுக்கு, நீங்கள் எவடம், எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றேன்.

“அப்ப உங்களுக்கு அங்க ஒருத்தரும் இல்லை,” என்றார்.

குற்றம் சாட்டவில்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குவதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வார்களே, அப்படித்தான் கேட்டார். வன்னியில் யுத்தத்துக்குள் அவருடைய அண்ணன் குடும்பம் அகப்பட்டிருந்தது. மாதத் தொடக்கத்தில் ஒரு முறை போன் வந்தது, பிறகு இல்லை. அந்த அடுக்குமாடியில் அநேகமாக எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் அங்கே இருந்தார்கள். நானும் பத்திரிகை படிக்கிறவன்தான், செய்தி தெரியும். வெம்பிளிக் கடைகளில் கறுப்புக் கொடி கட்டியிருந்ததையும் தினமும் பார்த்தேன். ஆனால் என் புகார்த் தொலைபேசியையும் அந்தக் கொடிகளையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அப்போது கடைக்கு மேலே ஒரு விமானம் திரும்பியது. தாழ்வாகத்தான் போனது. அது போய் முடிந்த பிறகுதான் அவர் சொன்னார்.

“அங்க சனம் பதுங்குகுழிக்குள்ள கிடக்குது அண்ணை. நான் இங்க இருந்துகொண்டு பிளேன் சத்தம் எண்டு முறைப்பாடு சொல்லுறதோ? என்ன மனிசர் எண்டு நினைப்பினம்?”

சும்மா ஒரு மரியாதைக்கு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டுவைத்தேன். நான் கேட்ட ஒரே பயனுள்ள கேள்வி அதுதான் என்று பிறகு தெரிந்தது.

அவர் கணவர் பஸ் ஓட்டியவர். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுக்குள் இருந்து தப்பி வந்தவர். இங்கே வந்து இத்தனை வருடத்தில் ஒரு குறையும் இல்லை. புதிய பாதை தொடங்கியதிலிருந்து காலையில் முதல் விமானம் திரும்பும்போது எழுந்து, பிள்ளைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஜன்னல் இல்லாத அறை அது ஒன்றுதான். விமானம் என்று அவருக்குத் தெரியும். லண்டன் என்றும் தெரியும். ஆனாலும் கால் போய்விடுகிறது. தூக்கம் இல்லாமல் பஸ் ஓட்டக்கூடாது என்று ஷிப்டில் இருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். வேறு வீடு கேட்டதற்கு, வீடு ஒதுக்குகிற கவுன்சில் இல்லை என்றுவிட்டது.

“இது நிரந்தரம் எண்டால் இவர் இங்க இருக்க ஏலாது. தெற்கு லண்டனில இருக்கிற தமக்கை வீட்டை இவரை அனுப்பிப்போட்டு நானும் பிள்ளையளும் இங்க இருக்கவேணும். முந்தியெல்லாம் பிள்ளையள் குளியலறைக்குள்ள அழுவினம். இப்ப பழகிப்போச்சு. அதுதான் எனக்குப் பயம்.”

அறிக்கையில் இருந்த அதே சொல். பழகிப்போச்சு.

கூட்டத்துக்கு வந்து இதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். முடியாது என்றார். அங்கே அண்ணன் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாதபோது, எந்த முகத்தோடு ஒரு மேசைக்கு முன்னால் நின்று தன் வீட்டு நித்திரையைப் பற்றிப் பேசுவது? கணவரின் விஷயம் வெளியே தெரிந்தால் ஊரெல்லாம் பைத்தியம் என்று சொல்லும் என்ற பயமும் இருந்தது. தான் சொன்னதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்குறுதி வாங்கிக்கொண்டார். கொடுத்தேன்.

திரும்பி வந்ததும் நேரே தலைவியிடம் போனேன். எங்கள் குழுவின் தலைவி முன்னாள் நீதவான். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் நான்கு பேசுவார். வாக்குறுதியை மீறாமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னேன். புகார் நின்றதற்குக் காரணம் பழக்கம் இல்லை, துக்கம், அதனால் தீர்மானத்தைத் தள்ளிவையுங்கள் என்றேன். இதை உங்களைத் தவிர வேறு யாராவது வந்து சொல்வார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் தள்ளிவைக்க முடியாது என்றார்.

அப்படியானால் கூட்டத்தில் நானே பேசுகிறேன் என்றேன். நீங்கள் பேசிய நிமிடத்திலிருந்து செயலாளர் இல்லை என்று அவர் சொன்னார். குறிப்பெழுதுகிறவர் தன் இனத்தாரோடு கட்சி சேர்ந்துவிட்டார் என்று நிலையம் சொல்லும். அது நியாயமும்கூட. அதற்குப் பிறகு அந்த அடுக்குமாடியிலிருந்து வருகிற எந்தப் புகாரையும் உங்கள் கையெழுத்தில் யாரும் நம்பமாட்டார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்த விஷயத்தை நிகழ்ச்சிநிரலில் கடைசியாகப் போடுகிறேன், மண்டபத்துக் கதவு பூட்டியிருக்காது என்று முடித்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை வருடம் வேலை செய்து, எனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா என்று நடந்துகொண்டே எனக்குள் கத்தினேன். உங்களில் பலருக்கு இந்த ஆத்திரம் வரும். வரட்டும், தப்பில்லை. ஆனால் அந்த அம்மா சொன்னது சரி என்று ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. அவர்களுக்காக நான் பேசினால், யோகன் இத்தனை நாள் செய்துவந்ததைத்தான் நானும் செய்திருப்பேன். எல்லாருக்குமாக ஒரு ஆள். அந்த ஒரு ஆள் நின்றதும் ஒரு கட்டடமே கணக்கில் இல்லாமல் போனதை அப்போதுதான் பார்த்திருந்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல எனக்கு முழு உரிமை இருந்தது, அதை நான் சாந்தினியிடம் சொல்லாமலே வந்திருந்தேன். அந்த அறிக்கை எல்லாரும் படிக்கக்கூடிய அறிக்கை. சாந்தினியிடம் வாங்கி வந்திருந்த எண்ணில் யோகனின் செல்போனுக்கு அடித்தேன். பின்னால் சனத்தின் கோஷமும் பறைச் சத்தமும் கேட்டது. அவர் குரல் கம்மிப்போயிருந்தது.

“நீங்க கூப்பிடாம இருக்கறத, சத்தம் பழகிப்போச்சுன்னு எழுதியிருக்காங்க. அதை வச்சுத்தான் முடிவு எடுக்கப் போறாங்க,” என்றேன். கூட்டத்தின் நாளும் இடமும் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் சனத்தை விட்டுத் தள்ளி வந்தார், கோஷம் தூரமானது.

“நாங்கள் பேசாமல் இருந்தால் எல்லா இடத்திலையும் அப்பிடித்தான் எழுதுறாங்கள் அண்ணை,” என்றார். போன் நின்றுவிட்டது.

கூட்டம் நடந்தது யுத்தம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்த அதே வாரத்தில். நூலகத்துக்குப் பக்கத்து மண்டபம், மாலை நேரம். அவர்கள் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வாரத்தில் யாரையும் எதற்கும் கூப்பிடக்கூடாது என்றே எனக்குத் தோன்றியது. மற்ற விஷயங்கள் ஒவ்வொன்றாக முடிந்து கடைசி விஷயம் வந்தது. அதிகாரி வரைபடத்தைத் திரையில் போட்டார். கோடு சரிந்து தரையில் கிடந்தது. பழகிவிட்டார்கள் என்றார். ஒரு கவுன்சிலர் நல்ல செய்தி என்றார். நான் அதை எழுதினேன்.

கதவு திறந்தது. முதலில் யோகன் வந்தார், அவருக்குப் பின்னால் சாந்தினி, அவருக்குப் பின்னால் அந்த அடுக்குமாடிச் சனம். வேலை உடுப்போடு சிலர், கைக்குழந்தையோடு ஒருத்தி. பலர் சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார்கள். பின்வரிசையில் நாற்காலி போதாமல் சுவரோடு நின்றார்கள். பொதுமக்கள் கேள்வி நேரம் ஏற்கனவே முடிந்துவிட்டது என்று அதிகாரி தயக்கத்தோடு சுட்டிக்காட்டினார். அது உண்மை. தலைவி என் பக்கம் திரும்பி, விதி என்ன சொல்கிறது என்று கேட்டார்.

அந்த மண்டபத்தில் எனக்குக் கிடைத்த வாய் அவ்வளவுதான். தலைவர் விரும்பினால் எந்த நேரத்திலும் எவரையும் பேச அனுமதிக்கலாம் என்று விதி சொல்கிறது என்றேன்.

யோகன் எழுந்து வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. வாரக்கணக்காகப் பாராளுமன்றச் சதுக்கத்தில் கத்திக் கத்தி மனிதருக்குத் தொண்டை முழுதாகப் போய்விட்டது. முழு பிளாட்டுக்குமாகக் கதைக்கிறவருக்கு அன்றைக்குத் தனக்காகக்கூடக் கதைக்க முடியவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பித் தன் சனத்தைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். போய்விடுவார்கள் என்றே நினைத்தேன்.

சாந்தினி எழுந்தார். தன் பெயர், வீட்டு இலக்கம், இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னார். மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலம் நின்றுவிட்டது. என்னைப் பார்த்துத் தமிழில் தொடர்ந்தார். தலைவி என்னிடம் மொழிபெயர்க்கச் சொன்னார், கூட்டாமல் குறைக்காமல் என்றும் சொன்னார்.

“நாங்கள் பழகினதால நிப்பாட்டேல்லை. எங்கட வீடுகளெல்லாம் செத்த வீடு. செத்த வீட்டில இருந்துகொண்டு ஆர் பிளேன் சத்தம் எண்டு முறைப்பாடு சொல்லுவினம்?”

மொழிபெயர்த்தேன். எல்லாச் சொற்களும் ஆங்கிலத்தில் இருந்தன. ‘செத்த வீடு’ மட்டும் சரியாக வரவில்லை, மூன்று விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அதிகாரி மரியாதையோடுதான் கேட்டார். உங்கள் துயரம் எங்களுக்குப் புரிகிறது, ஆனால் இந்தக் குழு பாதையைப் பற்றித்தான் முடிவு செய்ய முடியும், பாதையால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்பதைச் சொல்ல முடியுமா என்றார். அதைத் தமிழில் சொன்னேன். சாந்தினி வாயை மூடிக்கொண்டார்.

பதில் எனக்குத் தெரியும். குளியலறை தெரியும், சாத்திய கதவு தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் அந்த மண்டபம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். சொல்லாவிட்டால் அந்தக் குடும்பம் இரண்டாகப் போகும். என் நாற்பது வருட உத்தியோகத்தில் அவ்வளவு கனமாக நான் பேசாமல் இருந்ததில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது ஒரு காரணம். சொல்லவேண்டியவர்கள் அந்த அறைக்குள்ளேயே இருந்தார்கள், அவர்களை முந்திக்கொண்டு போக எனக்கு என்ன தகுதி என்பது இன்னொன்று. அதைவிட, அவர் சொல்லாததைச் சொன்னால் அடுத்த முறை யாரும் என்னிடம் எதையும் சொல்லமாட்டார்கள். இவ்வளவும் இப்போது ஒழுங்காக எழுதுகிறேன். அப்போது இதில் எதையும் நினைத்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

சுவரோடு நின்றவர்களில் ஒருவர் கையை உயர்த்தினார். உயரமான, மெலிந்த மனிதர். நான் அவரை அதுவரை பார்த்ததில்லை. சாந்தினி திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் கையை இறக்கவில்லை.

“எனக்குப் பயமாக் கிடக்கு,” என்றார்.

அக்கம்பக்கத்துச் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, தன் மனைவிக்கு முன்னால், பஸ் ஓட்டிக் குடும்பம் நடத்திய ஒரு ஆம்பிளை அதைச் சொன்னார். குரல் உயர்த்தவில்லை. தன் பெயரைச் சொன்னார். காலையில் முதல் பிளேன் வரும்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறார் என்பதைச் சொன்னார். அது குண்டு போடாது என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னார். தெரிந்தும் ஏலாமல் கிடக்கிறது, வேறொன்றும் இல்லை என்று முடித்தார். அதையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னார். பிறகு கைக்குழந்தைக்காரி. பிறகு ஒவ்வொருவராக. சிலர் பெயரைச் சொன்னதோடு நின்றுவிட்டார்கள், மேலே பேச்சு வரவில்லை. விசா சரிவராதவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்வதே எவ்வளவு பெரிய காரியம் என்று மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எல்லாப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதினேன். இடையில் எப்போதோ அதிகாரி எழுந்துபோய் வரைபடத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டார். யாரும் அவரை எடுக்கச் சொல்லவில்லை.

அன்றைக்குக் குழு சம்மதம் தரவில்லை. ஏப்ரல், மே மாத எண்களைக் கணக்கில் எடுக்கக்கூடாது, தொழிற்பேட்டைக் கிடங்குகளுக்கு மேலாக வேறொரு பாதையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆலோசனை சொன்னது. நிலையம் முணுமுணுத்தது, கோடை முழுக்க இழுத்தடித்தது, கடைசியில் செய்தது. விமானங்கள் நிற்கிற இடத்தைக் கட்டத்தான் செய்தார்கள், அதை யாராலும் நிறுத்த முடியவில்லை. நம் வேலையில் முழு வெற்றி என்று ஒன்று கிடையாது. எதிர்பார்த்து வராதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது சிறியது. உங்கள் திரையில் ஒரு இடத்திலிருந்து புகாரே இல்லை என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ரயிலேறிப் போய்ப் பாருங்கள். போய்ப் பார்த்ததைத் தூக்கிக்கொண்டு வந்து நீங்களே பேசிவிடவும் செய்யாதீர்கள். கதவைத் திறந்து வையுங்கள். அவர்கள் வந்து சொல்வதற்குள் உங்கள் உயிர் போய்விடும் போலிருக்கும், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாந்தினியின் அண்ணன் குடும்பத்தைப் பற்றிச் செய்தி எதுவும் வரவில்லை. முகாம்களிலும் இல்லை, வேறு எங்கேயும் இல்லை. யோகனிடம் கேட்பேன், இல்லை என்பார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

இலையுதிர் காலத்தில், புதிய சோதனை தொடங்கிய முதல் வாரத்தில், காலையில் புகார்த் தொலைபேசி அடித்தது. திங்கட்கிழமை இல்லை, யோகனும் இல்லை. ஒரு பெண் குரல் மிக மெதுவாகத் தன் பெயரையும் நான்காம் மாடி வீட்டு இலக்கத்தையும் சொன்னது. அந்த எண்ணிலிருந்து எங்களுக்கு வந்த முதல் அழைப்பு அது. என்ன புகார் என்று கேட்டேன்.

“புகார் இல்லை அண்ணை. இண்டைக்கு எங்களுக்கு மேலால பிளேன் போகேல்லை. அதையும் எழுதுங்கோ. நாங்கள் சொல்லாமல் விட்டால் நீங்கள் வேற மாதிரி எழுதிப்போடுவியள்.”

எங்கள் கணினியில் அதற்கு இடம் இல்லை. அதிக சத்தம், தாழ்வாகப் பறந்தது, நேரம் தவறியது, இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதையும் தேர்ந்தெடுக்காமல் கையால் எழுதிக்கொண்டேன். அவர் குரல் அவ்வளவு தாழ்வாக இருந்ததால் பாதி எனக்குக் கேட்கவில்லை. லைன் சரியில்லை போல, கொஞ்சம் உரக்கப் பேசுங்கள் என்றேன்.

“ஏலாது அண்ணை,” என்றார். “இவர் நித்திரை.”